அம்பாசடருக்கு ஒரு லிஃப்ட்

வீட்டு ஷெட்டில் கார் லிஃப்ட் போடப்போகிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் வரும் முதல் கேள்வி, “ஒர்க்‌ஷாப் ஆரம்பிக்கறீங்களா?” அடுத்த கேள்வி, “எவ்வளவு ஆகும்?” ஒர்க்‌ஷாப் எல்லாம் இல்லை. என்னிடம் இருப்பது அப்பா தொண்ணூறுகளில் வாங்கிய இசுசு இன்ஜின் அம்பாசடர், வீட்டம்மாவின் மாருதி 800, குனிந்தால் நிமிர அடம்பிடிக்கும் ஒரு இடுப்பு. கார் இரண்டையும் நானே பார்த்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி வைத்து, ஸ்டாண்ட் போட்டு, அட்டையை விரித்து அடியில் படுத்தே பழகியவன். இந்த வயதில் படுப்பது கஷ்டமில்லை. படுத்த பிறகு பதினான்காம் நம்பர் ஸ்பேனர் டூல் பாக்ஸிலேயே இருக்கிறது என்று ஞாபகம் வருவதுதான் கஷ்டம்.

கோவையில் இருப்பதில் ஒரு சௌகரியம், இந்த மாதிரிச் சாமான் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அசௌகரியமும் அதேதான். யாரைக் கேட்டாலும் ஒரு யோசனை சொல்வார்கள்.

எங்கள் மெக்கானிக் அண்ணனின் யோசனை, குழி. “எதுக்கு தம்பி லட்சக்கணக்குல? ஒரு பிட் தோண்டி ரெண்டு பக்கமும் கல்லு கட்டிடுங்க, ஆயுசுக்கும் ஆச்சு.” நாற்பது வருடம் குழியில் நின்று வேலை பார்த்தவர் சொன்னால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் ஐப்பசி மழைக்கு எங்கள் வீட்டு சம்ப்பிலேயே வெளித்தண்ணீர் ஊறும். குழி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அதைவிடப் பெரிய விஷயம் பெட்ரோல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், எல்பிஜியும் அப்படித்தான். கசிந்தால் மேலே போகாது, குழிக்குள் இறங்கித் தேங்கும். அங்கே ஒரு கிரைண்டர் பொறியோ, கீழே விழுந்து உடைந்த பல்போ போதும். குழி பேச்சு அத்தோடு முடிந்தது. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வாட்டர் சர்வீஸ் கடைகளில் நடுவில் ஒற்றைத் தூணாகக் காரைத் தூக்குமே, அதை ஒரு நண்பர் சொன்னார். அது கழுவுவதற்குச் சரி. அம்பாசடரில் எனக்கு வேலை இருப்பதே நடுவில்தான்: கியர் பாக்ஸ், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், அதன் கிராஸ், சைலன்சர் பைப். தூண் அங்கேயே நின்றால் நான் எங்கே நிற்பது? கத்தரிபோல் விரிந்து காரைத் தூக்கும் சிஸர் லிஃப்டை ஒதுக்கியதும் இதே காரணத்துக்காக. டயர் கடைக்கும் பிரேக் வேலைக்கும் அது தங்கமான சாமான். ஷெட் கூரை தாழ்வாக இருந்து, சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் மட்டும் பார்க்கிறவர்கள் யோசிக்காமல் அதை வாங்கலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்குக் குயிக்ஜாக் இருக்கிறது. இரண்டு நீளச் சட்டம், இரண்டடி போலத் தூக்கும், வேலை முடிந்தால் சுவரில் சாய்த்துவிடலாம். ஆனால் படுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். படுக்காமல் இருக்கத்தானே இத்தனை பாடு.

மிச்சம், நான்கு தூண் வைத்த ஃபோர் போஸ்ட்டும், இரண்டு தூணிலிருந்து நீளும் கைகளால் காரைத் தூக்கும் டூ போஸ்ட்டும்.

ஃபோர் போஸ்ட்டில் இரண்டு பாலத்தின் மேல் காரை ஓட்டி ஏற்றிவிடலாம், லிஃப்டின் கையை காருக்கு அடியில் எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டியதில்லை, ஒரு காரை மேலே நிறுத்தி அடியில் இன்னொன்றை விடலாம். வேளச்சேரியில் இருக்கும் என் மச்சான் இதைக் கேட்டதும் குதித்தான். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் அங்கே ஜனங்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் விட்டார்களே, அந்தக் கூட்டத்தில் அவனும் ஒருவன். அவனுக்கு ஃபோர் போஸ்ட் நியாயம்தான், தண்ணீர் வருவதற்கு முன்பே தூக்கி வைத்து மெயினை அணைத்துவிட்டால். எனக்கு அது சரிவராது. கார் சக்கரத்தின் மேலேயே நிற்பதால், சக்கரத்தைக் கழற்ற நடுவில் தனியாக ஒரு ஜாக் வாங்கி மாட்ட வேண்டும். அதற்கு வேறு விலை. தவிர, நான்கு தூணும் இரண்டு பாலமும் ஷெட்டில் பாதியை நிரந்தரமாகச் சாப்பிட்டுவிடும்.

ஆக, டூ போஸ்ட். இதற்குப் பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பம்.

டீலர்கள் பேச்சை எடுத்தவுடன் டன் கணக்கு சொல்வார்கள். “4 டன் சார், இன்னோவாவே தூக்கலாம்.” என் அம்பாசடர் ஒன்றேகால் டன்னுக்குள். கடையில் சுலபமாகக் கிடைப்பது 4 டன் என்பதால் அதைத்தான் வாங்கப்போகிறோம், அதில் பேச்சுக்கே இடமில்லை. பார்க்க வேண்டியது வேறு. முதலில் கூரை. என் ஷெட் தகரக் கூரை. சரிவான பக்கம் உயரமாகத் தெரிந்தாலும் குறுக்கே போகும் ட்ரஸ் கம்பியின் அடிமட்டம் தரையிலிருந்து பத்தரை அடி, அதாவது 3.2 மீட்டர். அம்பாசடர் உயரம் கிட்டத்தட்ட 1.6 மீட்டர். கொஞ்சம் இடைவெளி விட்டால் காரின் சக்கரம் ஒன்றரை மீட்டர் வரை மேலே போகலாம். லிஃப்ட் 1.8 மீட்டர் தூக்கும் என்று பிரசுரத்தில் போட்டிருப்பதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. ஒன்றரை மீட்டர் எனக்குப் போதும்; சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் கியர் பாக்ஸ் முகத்துக்கு நேரே இருக்கும்.

அந்தக் கூரையே இன்னொரு முடிவையும் எடுத்துவிட்டது. டூ போஸ்ட்டில் இரண்டு ஜாதி. ஒன்றில் இரு தூணையும் இணைக்கும் ஆயில் ஹோஸும் கேபிளும் தலைக்கு மேலே ஒரு பாலத்தில் போகும். தரை சுத்தமாக இருக்கும், ஆனால் தூணுக்கே 12 அடி வேண்டும். மற்றதில் அவை தரையோடு தகட்டு மூடிக்குள் போகும், தூண் 2.8 மீட்டரோடு நின்றுவிடும். ஜாக்கி டிராலியைத் தள்ளும்போது அந்த மேட்டில் சக்கரம் இடிக்கத்தான் செய்யும். இடித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது தரை. இதில்தான் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கொட்டேஷன் கொடுத்தவர்களில் ஒருவர்கூடத் தரையைப் பற்றித் தானாகக் கேட்கவில்லை. “ஆங்கர் போல்ட் நாங்களே போட்டுத் தருவோம்” என்பதோடு சரி. நீட்டிய கையில் தண்ணீர்க் குடத்தைப் பிடித்தால் பாரம் தோள்பட்டையில் இழுக்கும் அல்லவா, தூணுக்கும் அதேதான். கார் தூணின் மேல் இல்லை, தூணிலிருந்து நீண்ட கைகளில் இருக்கிறது. தூண் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும்; வெளிப்பக்கத்து போல்ட்டுகள் தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும். அதைத் தடுப்பது கான்கிரீட்டின் தடிமனும் தரமும் மட்டும்தான். நடுவில் தகட்டு மூடி இருக்கும் மாடல் என்பதால் போல்ட் அவ்வளவு பலமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒருவர் சொன்னார். அந்த மூடி ஹோஸை மறைக்க, தூணைத் தாங்க அல்ல.

நான் ஒரு மூலையில் 12 எம்எம் பிட் போட்டு ஹேமர் டிரில்லால் துளைத்தேன். துளைக்கத் துளைக்க வெள்ளைப் பவுடர் வந்தது, திடீரென்று டிரில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, பிட்டோடு செம்மண் வந்தது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றின் நுனியை எல் மாதிரி வளைத்து ஓட்டைக்குள் விட்டு, கான்கிரீட்டின் அடி விளிம்பில் கொக்கி மாட்டும்வரை மெல்ல இழுத்து, தரைமட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டேன். வெளியே எடுத்து அளந்தால் மூன்று இன்ச். அதுவும் மேலே பூசிய சிமெண்ட் பால் சேர்த்து. லிஃப்ட் கம்பெனிகள் குறைந்தபட்சம் கேட்பதே நான்கு இன்ச், பலர் ஆறு.

எனவே தூண் நிற்கும் இரண்டு இடத்திலும் தரையை வெட்டி, மீட்டருக்கு மீட்டர் சதுரமாக, ஓரடி ஆழத்துக்குக் கம்பி கட்டி எம்25 தரக் கான்கிரீட் போட்டோம். மேஸ்திரி குழியை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங், இதுக்கு மேல ஒரு மாடியே எழுப்பிரலாமுங்க” என்றார். சாக்கு போர்த்தி அம்மாதான் தினமும் தண்ணீர் ஊற்றினார். 28 நாள் கழித்துத்தான் போல்ட் போட விடுவேன் என்று டீலரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வாரத்தில் போடலாம், ஊரெல்லாம் அப்படித்தான் என்றார். ஊர் அதன் காரைத் தூக்கிக்கொள்ளட்டும்.

கைகளின் நீளம் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் இங்கே அழுத்திச் சொல்கிறேன். எல்லோரும் தங்களிடம் இருக்கும் பெரிய காரை வைத்து லிஃப்ட் பார்க்கிறார்கள். சின்னக் காரை வைத்துப் பாருங்கள். மாருதி 800 அகலம் 1.44 மீட்டர்தான். இரண்டு தூணுக்கும் நடுவே 2.8 மீட்டர் இடைவெளி இருந்தால், காரின் இருபுறமும் இரண்டடிக்கு மேல் காலியாக இருக்கும். கை அவ்வளவும் நீண்டு, அதே சமயம் முன்னும் பின்னும் ஜாக்கி வைக்கும் அந்தச் சின்னப் பள்ளத்துக்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஒரு மாடலில் அது வரவில்லை. கை நுனியில் காரைத் தாங்கும் பேட், காரின் தளத்தகட்டில் போய் உட்கார்ந்தது. நான் 800-ஐயே ஷோரூமுக்கு ஓட்டிக்கொண்டுபோய் வைத்துப் பார்த்ததால் தெரிந்தது.

அம்பாசடருக்கு வேறு கதை. அதன் ஓரச் சட்டத்தில் வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே துரு. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனேன். கணீர் கணீர் என்று வந்தது ஓரிடத்தில் சொத்தென்றது. அங்கே பேட் வைத்திருந்தால் தகரம் உள்ளே மடங்கியிருக்கும். டிங்கரிங் முடிந்த பிறகுதான் அந்தக் கார் லிஃப்டில் ஏறும்.

பழைய லிஃப்ட் ஒன்றும் பார்த்தேன், மூடிய சர்வீஸ் சென்டர் ஒன்றிலிருந்து வந்தது. பாதி விலை. ஸ்டீல் கேபிளைத் துணியால் துடைத்தபடி கை ஓட்டியதில் அறுந்த இழைகள் துணியில் மாட்டின. லிஃப்டின் கைகள் தானாகத் திரும்பாமல் பூட்டும் பல்சக்கரத்தில் பல் மழுங்கியிருந்தது. கேபிள் மாற்றலாம், பல் மாற்றலாம், சீல் மாற்றலாம். மாற்றி முடித்தால் புதுசு விலை. புதுசுக்கு எனக்கு வந்த கொட்டேஷன்கள் ஒன்றேகால் லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை, ஜிஎஸ்டி தனி.

கரண்ட் விஷயம் கோவைக்காரர்களுக்கு. எங்கள் வீட்டில் த்ரீ ஃபேஸ் இருக்கிறது, அதனால் த்ரீ ஃபேஸ் மோட்டார். தூக்கிய காரை ஆயில் பிரஷரில் நிறுத்தி வைக்கக் கூடாது. தூணுக்குள் இருக்கும் பூட்டின் மேல் இறக்கி உட்கார வைத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். ஏறும்போது டக் டக் என்று கேட்பது அந்தப் பூட்டுதான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பூட்டில் உட்கார்ந்த காரை இறக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு இன்ச் மேலே தூக்கிப் பூட்டை விடுவிக்க வேண்டும். தூக்கக் கரண்ட் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம்தான். அதுவரை கார் அந்தரத்தில். கை பம்ப் வைத்த பவர் யூனிட் கிடைக்குமா என்று கேட்டேன், கொஞ்சம் கூடுதல் பணத்துக்குக் கிடைத்தது. இரண்டு தூணின் பூட்டையும் ஒரே லீவரில் விடுவிக்கும் மாடலாகவும் பார்த்து வாங்கினேன். தனித்தனியாக இழுக்கும் மாடலில் ஒரு பக்கத்தை மறந்தால் கார் ஒருக்களித்துக்கொண்டு இறங்கும்.

லிஃப்ட் இப்போது நிற்கிறது. போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை இறுக்கியாகிவிட்டது, 800 ஏறி இறங்கிய பிறகு இன்னொரு முறை.

ஒன்று மட்டும் பாக்கி. அம்பாசடரில் கியர் பாக்ஸை இறக்கினால் முன்பாரம் குறையும், கார் பின்பக்கம் சாயப் பார்க்கும். அதற்குப் பின் ஆக்சிலுக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஐந்தடி உயர ஸ்டாண்ட், மேலே திருகு வைத்தது, ஜோடியாக வேண்டும். காந்திபுரம் பக்கம் கேட்டதில் குட்டை ஸ்டாண்டுகள்தான் இருக்கின்றன. யாருக்காவது கிடைக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் கணபதி லேத்துக்காரரிடம் கனமான பைப் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டியதுதான், அவர் ஏற்கெனவே, “ஒர்க்‌ஷாப் எப்பங்க திறப்பு?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.