உப்பா, புரதமா?

சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் வேலை என்றதும் தேக்காவில் பார்க்கிற சொந்தக்காரர்கள், "மருந்து கண்டுபிடிக்கிற இடம்தானே?" என்பார்கள். என் வேலை அதற்கு ரொம்ப முன்னால் வருவது. புரதம் எப்படி மடிந்து நிற்கிறது என்று அணு அணுவாகப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் அது படிகமாக வேண்டுமே! பாதி ஆயுசு அதிலேயே போகும்.

புரதக் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டர், புரதத்தைக் கரைசலிலிருந்து பிரியத் தூண்டுகிற பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த திரவத்தில் ஒரு மைக்ரோலிட்டர். கண்ணாடிச் சில்லில் ஒரே துளியாக்கி, அதே திரவம் நிரம்பிய குழியின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து, கிரீஸ் தடவி மூடுவோம். துளியின் நீர் மெல்ல ஆவியாகிக் குழிக்குப் போகப் போக, புரதம் அடர்த்தியாகும். பெரும்பாலும் மிஞ்சுவது பழுப்பு வண்டல்தான்.

படிகம் பளபளவென்று வந்துவிட்டாலோ, இது புரதமா, கரைசலில் இருந்த உப்பா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஊசியால் அழுத்தினால் உப்பு நறுக்கென்று உடையும். புரதம் பொலபொலவென்று உதிரும், கிட்டத்தட்ட பாதி தண்ணீராயிற்றே. மதுரையிலிருந்து வந்த ஆய்வு மாணவிக்கு மனசே வரவில்லை. "இவ்வளவு நல்லா வளர்ந்திருக்கு, குத்தணுமாக்கா?"

"ஒண்ணைக் குத்திப் பாரு. மத்ததை நம்பலாம்."

தேறியவற்றைத் திரவ நைட்ரஜனில் உறைய வைப்போம். எலக்ட்ரான்களை வேகமாகச் சுற்றவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கிற சிங்க்ரோட்ரான் ஒன்று இங்கே கென்ட் ரிட்ஜில் உண்டு, ஆற்றல் 700 மெகா எலக்ட்ரான் வோல்ட், சிறியது. படிகத்தில் பாய்ச்சி வடிவத்தைக் கண்டறியத் தேவையான செறிவான எக்ஸ்-கதிருக்கு நாங்கள் நம்பியிருப்பது தைவானையும் மெல்பர்னையும்தான்.

வடிவம் கிடைத்த பின்னும் ஒரு சோதனை பாக்கி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963-இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று சொல்கிறது. உலகில் எந்த ஆய்வகம் புரத வடிவத்தைப் பதிவு செய்தாலும் அதில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எல்லையைத் தாண்டி ஒரு புள்ளி நின்றால் மாணவர்கள் உடனே உள்ளே தள்ளப் பார்ப்பார்கள். கூடாது. எக்ஸ்-கதிர் காட்டும் எலக்ட்ரான் அடர்த்தி அந்த இடத்தில் தெளிவாக இருந்தால் அப்படியே விடவேண்டும். நொதிகளில் வினை நடக்கிற இடத்தில் சில அமினோ அமிலங்கள் நிஜமாகவே திருகிக்கொண்டுதான் நிற்கும்.

புரத வடிவத்தைக் கணினியிலேயே கணிக்கிற ஆல்ஃபாஃபோல்டு வந்த அப்புறம் வேலை கொஞ்சம் சுலபம். படிகத்தில் பட்டுச் சிதறும் கதிரின் செறிவைக் கருவி பதிவு செய்யும், அலையின் கட்டத்தை, அதாவது முகடும் பள்ளமும் எங்கே விழுகின்றன என்பதை, தொலைத்துவிடும். வடிவத்தைக் கணக்கிட இரண்டும் வேண்டும். அந்த ஓட்டையை அடைக்க இப்போது கணிப்பு வடிவம் கைகொடுக்கிறது. "அப்போ படிகமே வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். மருந்து மூலக்கூறு உள்ளே போய் உட்கார்ந்ததும் அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலி எவ்வளவு நகர்ந்தது என்று நம்பிச் சொல்ல, எனக்கு இன்னமும் படிகம்தான் வேண்டும்.