ரிசல்ட்ஸ் ஏற்றும் வேலை: சோதனை முடிவை உள்ளபடி எழுதுவது எப்படி?

கிளினிக்கல் டிரையல் (மருந்தையோ சிகிச்சையையோ மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வு) முடிவுகளை அமெரிக்காவின் கிளினிக்கல்டிரையல்ஸ் டாட் கவ் பதிவேட்டில் ஏற்றும் பொறுப்பு பெரும்பாலும் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழுகிறது. படிவம் நிரப்புவதுதானே என்ற நினைப்பு. உண்மையில், ஆய்வின் நேர்மை வெளிப்படும் இடமே அதுதான். ஆய்விதழ்க் கட்டுரையில் விளக்கவும் மழுப்பவும் இடம் உண்டு. இங்கே முடிவுரை எழுதப் பெட்டியே கிடையாது, அட்டவணையும் எண்ணும்தான்.

முதலில் தேதியைச் சரிபாருங்கள். சட்டத்துக்கு உட்பட்ட சோதனைக்குக் கெடு, பிரைமரி கம்ப்ளீஷன் தேதியிலிருந்து ஓராண்டு. கடைசி நோயாளியிடம் பிரைமரி அவுட்கமுக்கான (சோதனையின் முதன்மைக் கேள்விக்கு விடை தரும் அளவீட்டுக்கான) தரவை எடுத்த நாள் அது. ஆய்வு முழுவதும் முடிந்த தேதி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கெடு தாண்டிய பிறகு ஓடும் குழுக்கள் நிறைய. கட்டுரை வெளிவரட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாம். பதிவேட்டில் அட்டவணையாக முடிவுகளை ஏற்றுவதை முன்வெளியீடாக, அதாவது ஏற்கெனவே வெளியான கட்டுரையாகக், கருதுவதில்லை என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

அடுத்து மேசையில் மூன்று ஆவணங்கள் இருக்க வேண்டும்: எல்லாத் திருத்தங்களோடும் புரோட்டோகால் (சோதனையின் செயல்திட்டம்), புள்ளியியல் பகுப்பாய்வுத் திட்டம், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பதிவேட்டில் இருந்த பதிப்பு. பழைய பதிப்புகள் அனைத்தும் பதிவேட்டிலேயே காணக் கிடைக்கும். அவுட்கம் பட்டியலை இந்த மூன்றிலிருந்து மட்டும் எடுங்கள். கட்டுரை வரைவைத் திறக்காதீர்கள். அதில் எது ‘நன்றாக வந்ததோ’ அது முன்னால் வந்திருக்கும்.

இது வீண் பயமல்ல. 2015-16இல் ஆக்ஸ்ஃபோர்டின் கம்பேர் குழு, ஐந்து முன்னணி இதழ்களில் வந்த 67 சோதனைக் கட்டுரைகளை அவற்றின் முன்பதிவோடு ஒப்பிட்டது. குறையின்றி இருந்தவை 9 மட்டுமே. சொல்வதாக அறிவித்த 354 அவுட்கம்கள் காணாமல் போயிருந்தன. 357 புதியவை சத்தமின்றி நுழைந்திருந்தன. பதின்பருவத்தினரின் மனச்சோர்வுக்குப் பராக்ஸெட்டின் கொடுத்த ஆய்வு 329 இதற்குப் பழைய, கசப்பான சாட்சி. முன்கூட்டி வகுத்த அளவுகோல்களில் மருந்து பிளாசிபோவை (மருந்தில்லாப் போலி மாத்திரையை) வெல்லவில்லை. 2001இல் வந்த கட்டுரையோ, பிறகு சேர்த்த அளவுகோல்களை வைத்து மருந்து பலனளிக்கிறது, பாதுகாப்பானது என்றது. மூலத் தரவை மறுபடி அலசி 2015இல் பிஎம்ஜே இதழில் வந்த கட்டுரை, பலனும் இல்லை, தீங்கு அதிகம் என்று காட்டியது.

புதிதாக ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்பது குற்றமல்ல. படிவத்தில் அதற்கு ‘போஸ்ட் ஹாக்’ (பிறகு சேர்த்தது) என்று தனி வகையே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். செகண்டரி (முன்பே திட்டமிட்ட துணை அவுட்கம்) என்று போட்டால்தான் பொய்.

பங்கேற்பாளர் ஓட்ட அட்டவணையில் கூட்டல் கழித்தல் பொருந்த வேண்டும். ஒரு குழுவில் 120 பேர் தொடங்கி 104 பேர் முடித்தால், மிச்சம் 16 பேருக்கும் காரணம் வேண்டும். ‘மற்றவை’ என்ற தலைப்பில் பாதிப் பேரைத் தள்ளாதீர்கள். பக்கவிளைவு தாங்காமல் போனவர்கள் ஒளிவது அங்கேதான்.

அவுட்கம் அட்டவணையில் பதிவேட்டின் பரிசோதகர்களிடமிருந்து அதிகம் திரும்பி வருவது அளவுகோல் விவரம் இல்லாதவை. ‘வலி மதிப்பெண்’ என்று மட்டும் எழுதினால் போதாது: குறைந்தபட்சம் 0, அதிகபட்சம் 10, எண் கூடினால் வலி கூடுதல் என்று எழுத வேண்டும். காலம் ‘சிகிச்சை முடிவில்’ அல்ல, ‘12ஆம் வாரம்’. அளவிட்டது எத்தனை பேரிடம் என்பதைக் குழுவாரியாகக் கொடுங்கள். சேர்ந்தவர்களைவிட அது குறைவாக இருந்தால் ஏன் என்றும் எழுதுங்கள். மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டுவிட்டு, சேர்ந்த அனைவரின் கணக்கு போலக் காட்டுவதைத் தடுக்கும் வரி அது. பி-மதிப்பை (வேறுபாடு தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்று பார்க்க உதவும் எண்ணை) மட்டும் தூக்கி வைக்காமல், வேறுபாட்டின் அளவையும் 95% நம்பக இடைவெளியையும் (உண்மை அளவு இருக்கக்கூடிய வீச்சையும்) சேர்த்தே கொடுங்கள்.

பாதக நிகழ்வுகளுக்கு மூன்று அட்டவணைகள்: எக்காரணத்தாலும் நேர்ந்த இறப்புகள், தீவிர நிகழ்வுகள் அனைத்தும், மற்றவை. எத்தனை விழுக்காட்டினருக்கு மேல் வந்தால் பட்டியலிடுவது என்று வடிகட்டும் வரம்பு கடைசி அட்டவணைக்கு மட்டுமே உண்டு, அதுவும் எந்தக் குழுவிலும் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. தீவிர நிகழ்வு ஒருவருக்கு மட்டும் வந்திருந்தாலும் அது பட்டியலில் வர வேண்டும். ‘மருந்தோடு தொடர்பில்லை’ என்று ஆய்வாளர் கருதியதும் வர வேண்டும். நிகழ்வுக்கு இடும் குறிச்சொல்லைத் தேர்வதில் கூடுதல் கவனம் வேண்டும். ஆய்வு 329இல் தற்கொலை எண்ணமும் முயற்சியும் ‘உணர்ச்சி நிலையின்மை’ என்ற தலைப்பின் கீழ் போயின. அந்தச் சொல்லைப் படித்து எந்த மருத்துவரும் எச்சரிக்கை அடைந்திருக்க முடியாது. நோயாளி கோப்பில் உள்ள சொற்களையும் குறிச்சொல்லையும் அருகருகே வைத்து, குழுவுக்கு வெளியே உள்ள ஒருவர் படித்துப் பார்ப்பது நல்லது.

சமர்ப்பித்த பின் பதிவேட்டின் தரப் பரிசோதகர்கள் குறிப்புகளோடு திருப்பி அனுப்புவார்கள். திருத்தி அனுப்ப 25 நாள். அவர்கள் பார்ப்பது உள்முரண்: அலகு பொருந்துகிறதா, 0 முதல் 10 வரையுள்ள அளவுகோலுக்குச் சராசரி 43 வந்திருக்கிறதா என்பவை. உங்கள் எண் மூலத் தரவோடு ஒத்துப்போகிறதா என்று அவர்களால் பார்க்க முடியாது; அது உங்கள் குழுவின் புள்ளியியலாளர் கையெழுத்திட வேண்டிய பகுதி. புரோட்டோகாலையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் கூடவே ஏற்ற மறக்காதீர்கள்.

இந்தியாவில் நடந்த சோதனை என்றால் சிடிஆர்ஐ (இந்திய கிளினிக்கல் டிரையல் பதிவேடு) பதிவும் இருக்கும். இரண்டிலும் பிரைமரி அவுட்கம் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். இத்தனைக்கும் பிறகு கட்டுரை வரைவைத் திறந்து பதிவேட்டு அட்டவணையோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் எது தவறோ அதைத் திருத்துங்கள். திட்டம் இடையில் மாறியிருந்தால் எப்போது, ஏன், முடிவுகள் தெரிவதற்கு முன்னா பின்னா என்பதைச் செய்முறைப் பகுதியிலேயே எழுதுங்கள். பதிவு எண் சுருக்கத்தில் இடம்பெற வேண்டும்.