படிவத்தில் ஒரு கட்டம்

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் ஒவ்வொரு ரத்த மாதிரியுடனும் ஒரு படிவம் வரும். வயது, அறிகுறிகள், அனுப்பிய மருத்துவர் எல்லாம் போக, 'பெற்றோர் உறவுத் திருமணமா?' என்றொரு கட்டம் அதில் உண்டு. எக்ஸோம் பரிசோதனை (மரபணுக்களில் புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதிகளை மொத்தமாகப் படிப்பது) முடிவுகளைப் படித்து அறிக்கை எழுதுவது என் வேலை. சென்னையில் இந்த வேலை பார்க்கும் எங்கள் கண் முதலில் போவது அந்தக் கட்டத்துக்குத்தான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறக்குறைய 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணம் முடித்தவர்கள். 'ஆம்' என்றிருந்தால், தாய் தந்தை இருவர் வழியாகவும் ஒரே பழுது இறங்கியிருக்கிறதா என்று தேடத் தொடங்குவோம். பல நேரங்களில் விடை அங்கேயே கிடைத்தும்விடும். அதனாலேயே வேறு பக்கம் பார்க்கத் தோன்றாது.

கிஃப்1ஏ அந்தப் பழக்கத்துக்கு அடங்காத மரபணு. இரண்டாம் குரோமோசோமின் நீண்ட கையில், நுனியை ஒட்டி இருக்கிறது. கைனசின் வகையைச் சேர்ந்த ஒரு மோட்டார் புரதத்துக்கான குறிப்பு அதில் எழுதப்பட்டிருக்கிறது. நரம்பணுவின் உடற்பகுதியில் தயாராகும் நுண்பைகள், நரம்பிழையின் கடைசி முனைவரை போய்ச் சேர வேண்டும். முதுகுத்தண்டிலிருந்து பாதம்வரை ஓடும் இழை, வளர்ந்தவர்களிடம் ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அத்தனை தூரம் எதுவும் தானாகப் பரவிப் போய்ச் சேராது. இழைக்குள் தண்டவாளம்போல் கிடக்கும் நுண்குழல்களின் மேல் இந்தப் புரதம்தான் சுமந்து நடக்கிறது. ஒரு தப்படிக்கு 8 நானோமீட்டர், ஒவ்வொரு தப்படிக்கும் அணுவின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. 1995இல் டோக்கியோவில் நொபுடாகா ஹிரோகாவாவின் குழு சுண்டெலியில் இதை விவரித்தது. இதன் புழு வடிவத்துக்கு 'அன்க்-104' என்று பெயர். அது பழுதான சி. எலிகன்ஸ் புழு ஒழுங்காக நெளிய முடியாமல் கிடக்கும்.

புரதம் இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் நடக்கிறது. நுகத்தில் பூட்டிய மாடுகளில் ஒன்று நொண்டினால் வண்டியே தடுமாறுவதுபோல, மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் கெட்டாலே நோய் வந்துவிடலாம். எல்லா மாற்றங்களும் அப்படியல்ல. சில, இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் தொல்லை தரும். 2011இல் ஒரு குழு, உறவுத் திருமணக் குடும்பம் ஒன்றில் கால் விறைப்பு நோய்க்கு இருபக்கமும் இறங்கிய மாற்றத்தைக் காட்டியது. அதே ஆண்டில் இன்னொரு குழு, பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் மட்டும் புதிதாகத் தோன்றிய மாற்றத்தைக் காட்டியது. ஒரே மரபணுவில் இரண்டும் நடக்கும் என்பதால், படிவத்தின் அந்தக் கட்டத்தை நம்பி இதைப் படிக்க முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் குழந்தையின் மாதிரி வந்தது (அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). கால்கள் விறைப்பு, நடை தாமதம், பார்வை நரம்பு மெலிவு. 'பெருமூளை வாதம்?' என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தார்கள். கிஃப்1ஏ குழந்தைகள் பலருக்கு முதலில் கிடைக்கும் பெயர் அதுதான். கட்டத்தில் 'ஆம், தாய்மாமன்' என்றிருந்தது. இருபக்கமும் இறங்கிய மாற்றங்கள் சில கிடைத்தன. எதுவும் நோயோடு பொருந்தவில்லை. ஒரு பிரதியில் மட்டும் இருந்த கிஃப்1ஏ மாற்றம் பொருந்தியது. புரதத்தின் 99ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் என்ற வேறொன்று. ஏடிபி வந்து பிணையும் இடம் அது.

பெற்றோரின் ரத்தம் கேட்டோம். ஊதா மூடிக் குழாயில் தாயுடையது வந்துவிட்டது, தந்தையுடையது வரவில்லை. காரணம், குடும்பத்தோடு பேசும் மரபணு ஆலோசகர் வழியாகத் தெரிந்தது. 'ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஊரே பேச, மகளைத் தன் தம்பிக்கே கட்டிக்கொடுத்த பாட்டி மேல் பழி விழுந்திருந்தது. தன் ரத்தத்தையும் கொடுத்தால் அக்கா செய்ததற்கு எழுத்தில் சாட்சி கிடைத்துவிடும் என்று தந்தை பயந்திருக்கிறார். ஆலோசகர் பேசிப் பேசித்தான் குழாய் வந்தது. இருவரிடமும் அந்த மாற்றம் இல்லை. மாதிரிகள் அந்தப் பெற்றோருடையவையே என்பதையும் சரிபார்த்துக்கொண்டோம்.

புரதத்தின் 99ஆம் இடத்தில் இந்த மாற்றம் வெவ்வேறு குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருவதற்கு வேதியியல் காரணம் உண்டு. அங்கே டிஎன்ஏவின் எழுத்துகளில் சைட்டோசினை அடுத்துக் குவானின் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மெத்தில் என்ற சிறு வேதிக்கூறு ஏறிய சைட்டோசின், தைமின் என்ற இன்னொரு எழுத்தாக மாறிவிடுவது சகஜம். இதற்கு உறவும் தெரியாது, ஊரும் தெரியாது.

உறவுத் திருமணத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தாய்மாமனை மணந்தவர்களின் குழந்தையிடம், மரபணுப் பரப்பில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு இருபக்கமும் ஒன்றாகவே இருக்கும். அதன் விலையை வாரந்தோறும் அறிக்கையாக எழுதுகிறேன். ஆனால் இந்தக் குழந்தையின் கணக்கு வேறு. இருபக்கமும் இறங்கிய நோயாக இருந்தால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு 25 விழுக்காடு. இதுவோ புதிதாகத் தோன்றியது. பெற்றோரின் இனப்பெருக்க அணுக்களில் சிலவற்றில் மட்டும் ஒளிந்திருக்கலாம் என்பதற்காக ஏறக்குறைய 1 விழுக்காடு என்று சொல்வோம். கிஃப்1ஏ நோய்க்கு இன்று ஒப்புதல் பெற்ற மருந்து இல்லை. இயன்முறைச் சிகிச்சை, விறைப்பைக் குறைக்கும் மாத்திரை, கண் பரிசோதனை, வலிப்பு வருகிறதா என்ற கவனம், அவ்வளவுதான். அதனால் அந்தக் குடும்பத்துக்கு அறிக்கை கொடுக்கக்கூடிய பெரிய பயன், 25க்கும் 1க்கும் உள்ள இடைவெளிதான்.

அந்த அறிக்கையின் விளக்கப் பகுதியில், 'பெற்றோரின் உறவுமுறை இந்த மாற்றத்துக்குக் காரணமல்ல' என்று ஒரு வரி சேர்த்தேன். வழிகாட்டு நெறிகள் அதைக் கேட்பதில்லை. காரணம் அல்லாததை எழுதத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று மூத்த சகா ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் 'ஆம்' என்று குறித்த கட்டத்தைப் படிவத்தில் அச்சடித்துக் கேட்டது நாங்கள்தானே என்று சொன்னேன். இன்றும் அப்படிப்பட்ட அறிக்கைகளில் அந்த வரியை எழுதுகிறேன், அவரும் ஒவ்வொரு முறையும் அதன்கீழ் பென்சிலால் கோடிட்டே கையெழுத்துப் போடுகிறார்.