பாசி எடுக்கும் அம்மாக்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுங்கள்

மரம் நடும் இயக்கம் நடத்திய கென்யாவின் வங்காரி மாத்தாய்க்கு 2004-இல் அமைதி நோபல் கிடைத்தது. எனக்கு அந்தப் பரிசைவிட அவருடைய அம்மா சொன்ன ஒரு சொல் பெரிதாகப் படுகிறது. அவர்கள் கிகுயு இனத்தவர். அந்த மக்களுக்கு அங்கே ஒருவகை அத்தி, சாமி மரம். அதிலிருந்து சுள்ளி பொறுக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தார். மரத்துக்குப் பக்கத்தில் ஊற்று, அதிலிருந்து ஓடை. வங்காரி அமெரிக்காவில் உயிரியல் படித்துவிட்டுத் திரும்பினால், மரத்தை வெட்டித் தேயிலை போட்டிருக்கிறார்கள், ஓடை வற்றிப்போயிருக்கிறது. அத்தியின் வேர் பாறையைப் பிளந்து நிலத்தடி நீர் மேலே வர வழிவிட்டது என்பது அப்புறம்தான் அவருக்குப் பிடிபட்டது.

நான் பாம்பன் பக்கம் ஆசிரியை. சுற்றுச்சூழல் தினத்துக்குப் படம் வரையச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் பனிக்கரடி வரைகிறார்கள். அதே பிள்ளைகளின் அம்மாக்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிக் கடலில் முங்கிப் பாசி எடுப்பவர்கள். அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், அவ்வளவுதான் எடுப்பது. மரிக்கொழுந்து என்கிற பாசியைப் பிய்க்கும்போது அடியை விட்டுவிட வேண்டும், பாறையைச் சுரண்டக் கூடாது. "மிச்சம் விட்டாத்தானே டீச்சர் மறுபடி வரும்" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சாதாரணமாகச் சொன்னாள். வளங்குன்றா வளர்ச்சி என்று நாங்கள் பத்து மதிப்பெண்ணுக்கு நடத்துவது இதைத்தான். தேர்வில் அவள் அதை எழுதவில்லை. எழுதலாம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே 1967-லேயே இந்த வியாதியைச் சொல்லிவிட்டார். சுயசார்புக் கல்வி பற்றிய அவருடைய அறிக்கையில், காலனியாட்சி விட்டுப்போன பள்ளிக்கூடம் புத்தகத்தில் இருப்பதுதான் அறிவு என்று பிள்ளைகளை நம்ப வைக்கிறது, ஊர்ப் பெரியவர்களின் அறிவை மட்டமாக நினைக்கப் பழக்குகிறது என்கிறார். நம் பள்ளிக்கூடத்துக்கும் பிறப்பிடம் அதே வெள்ளைக்கார ஆட்சிதானே?

மடகாஸ்கரில் அண்டவடோகா என்ற ஊரில், 2004-இல் வேசோ மீனவர்கள் ஒரு பாறைத்திட்டைச் சில மாதம் மூடிவைத்தார்கள், கணவாய்க்கு உறவான பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) வளரட்டும் என்று. திறந்தபோது பெரிது பெரிதாகக் கிடைத்தது. பக்கத்து ஊர்களும் பின்பற்றின. வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் கூட இருந்தார்கள், ஆனால் கட்டுப்பாட்டைக் காத்தது 'தினா' என்கிற அவர்களுடைய ஊர்ச்சட்டம். இதைப் பாடமாக நடத்தினால் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.

அம்மாக்கள் சொல்வதெல்லாம் வேதம் என்று சொல்ல வரவில்லை. 2016-இல் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை வெளுத்தது. அதற்கு ஊர்க் கட்டுப்பாடு மட்டும் போதாது. வெப்பமானியும் அறிவியல் பாடமும் கட்டாயம் வேண்டும். ஆனால் பாடம் தொடங்குகிற இடம் அம்மாவாக இருக்கட்டும். முதலில் அவரை வகுப்பில் உட்காரவைத்துக் கேட்போம், அப்புறம் அவர் சொன்னதைப் பிள்ளைகள் அளந்து பார்க்கட்டும்.

தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடிப் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் இதைப் படித்தால், உங்கள் ஊரில் எதை, எப்போது எடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், யார் அதைச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகளை விட்டே கேட்டு எழுதச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதுவதை உங்களுக்கு அனுப்புகிறேன்.