எட்டாம் வகுப்புக்குப் பட்டன் போன் போதும்

எட்டாவது படிக்கும் என் மகளுக்குத் தனியாக ஒரு போன் வேண்டுமா என்றால், வேண்டும் என்பேன். ஆனால் பட்டன் போன். திருத்துறைப்பூண்டியில் டியூஷன் முடிந்து பஸ் பிடித்து ஊருக்கு வருவதற்குள் இருட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பஸ் எப்போது வரும் என்றே சொல்ல முடியாது. "அம்மா, ஏறிட்டேன்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அவள் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். 2-ஐ அழுத்திப் பிடித்தால் எனக்கு, 3-ஐப் பிடித்தால் அவருக்கு. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பதிந்து கொடுத்திருக்கிறேன், அதற்குக் காசு கிடையாது. சார்ஜும் நாள் கணக்கில் நிற்கிறது. கரண்ட் போய்ப் போய் வரும் மழைக்காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஸ்மார்ட்போன் வேறு சங்கதி. 2020-இல் கொரோனா வந்தபோது ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கிக்கூட வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அது பிள்ளைகள் கையிலேயே இருக்கிறது. வாட்ஸப்புக்கே 13 வயது ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழே இன்ஸ்டாகிராம் கணக்கே கூடாது. இங்கே நாலாவது படிக்கும் பிள்ளை, தட்டில் என்ன குழம்பு என்றுகூடப் பார்க்காமல் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே சாப்பிடுகிறது. பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

வீட்டுப்பாடத்துக்கு வேண்டுமென்றால் என் போனைத் தருகிறேன், கூடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிளஸ் டூ முடிக்கட்டும், அப்புறம் நானே வாங்கித் தருகிறேன்.