பிரேசிலுக்கு எந்த மாதம்?
ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்து முடிந்து, தை பிறந்த பிறகே நெடும்பயணம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பிரேசிலுக்கு அது ஒத்துவராது. அங்கே காப்பி அறுவடையே ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. மனாவுஸ் நகரில் ரியோ நீக்ரோ ஆறு பெரும்பாலும் ஜூனில் உச்சம் தொட்டு, அக்டோபர், நவம்பரில் சுமார் 10 மீட்டர் இறங்கிவிடுவதால், வெள்ளம் சூழ்ந்த காட்டுக்குள், மரக்கிளைகளுக்கு நடுவே படகில் செல்ல வேண்டும் என்ற என் பல நாள் ஆசைக்கு ஜூன்தான் ஏற்றது. பாந்தனால் சதுப்புநிலத்திலோ, நீர் வற்றி விலங்குகள் ஆற்றங்கரைக்கு வரும் ஜூலை முதல் செப்டம்பர் வரையே ஜாகுவாரைக் காண உகந்த காலம். ஆகவே ஜூன் கடைசியில் மனாவுசில் தொடங்கி, ஜூலை நடுவில் பாந்தனாலில் முடிக்கத் தீர்மானித்துள்ளோம். சேர்வராயன் கோயில் திருவிழா வைகாசியிலேயே முடிந்துவிடும் என்பதால் அம்மாவும் உடன் வருகிறார்.