பாப் வில்ஸைத் தேடி டல்சாவுக்கு, ஒரு நாசமாய்ப் போன பஸ்ஸில்

முதலில் அந்த பஸ்ஸைத் திட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். டெக்சஸ் மாநிலத்து டல்லஸிலிருந்து ஓக்லஹோமா மாநிலத்து டல்சா சுமார் 260 மைல். இரவு பதினொன்றுக்கு வர வேண்டிய வண்டி இரண்டரைக்கு வந்தது. கழிவறையை ஒட்டிய சீட், கதவுத் தாழ்ப்பாள் உடைந்து ஒவ்வொரு வளைவிலும் திறந்து திறந்து மூடுகிறது, ஏசியோ ஊட்டி மார்கழி. கார் எடுத்திருக்கலாமே என்பீர்கள். வாடகை, இன்சூரன்ஸ், ஹோட்டல் பார்க்கிங் எல்லாம் கூட்டினால் பஸ் மாதிரி மூன்று மடங்கு வந்தது, சரி போ என்று ஏறிவிட்டேன்.

இத்தனையும் ஒரு ஆளுக்காக, பாப் வில்ஸ் என்கிற மறைந்த அமெரிக்க இசைக்காரருக்காக. பழைய கருப்பு வெள்ளைக் கௌபாய் படங்களில் அவர் தன் குழுவோடு வந்து போவதைப் பார்த்துவிட்டு, குதிரையில் உட்கார்ந்து கிடார் தட்டிப் பாடுகிற கூட்டத்தில் இவரும் ஒருவர் என்றே நினைத்திருந்தேன். தப்பு. தொப்பியும் பூட்ஸும் உண்டு, ஆனால் கையில் இருப்பது பிடில். பெரும்பாலான பாட்டைக் குழுவின் பாடகர் டாமி டங்கன் பாடுவார், இவர் நடுவில் புகுந்து "ஆ... ஹா!" என்று கூவி, வாசிக்கிறவர் பெயரைச் சொல்லி உசுப்பேற்றுவார். சிலருக்கு அது எரிச்சலாம். எனக்கு அதுதான் பாட்டே.

டல்சாவில் பார்க்க வேண்டியது கெய்ன்ஸ் பால்ரூம், வில்ஸ் குழு வாசித்த நடனக்கூடம். 1924-ல் கட்டிய கட்டிடம், முதலில் கார் நிறுத்தும் கராஜ், 1930-ல் கெய்ன் என்பவர் வாங்கி நடனப் பள்ளி ஆக்கினார். பகலில் சும்மா சுற்றிப் பார்க்க எனக்கு வழி கிடைக்கவில்லை, ஆகவே இரவுக் கச்சேரிக்கு டிக்கெட். டிக்கெட் விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு 'சேவைக் கட்டணம்', என்ன சேவை என்று சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் உள்ளே போனதும் கோபம் போய்விட்டது. சுவர் முழுக்கப் பழைய பாடகர்களின் பெரிய படங்கள், காலடியில் மேப்பிள் மரத் தரை. ஊரே எம்பிக் குதிக்கும்போது அந்தத் தரையும் லேசாக எம்புகிறது, காலில் தெரிகிறது! அந்தத் தரையில் நின்றபோதுதான் வில்ஸ் குழுவின் இசை உட்கார்ந்து கேட்பதற்கு இல்லை, ஆடுவதற்கு என்று புரிந்தது.

இந்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்த கதை சினிமா மாதிரி. 1905-ல் டெக்சஸில் பிறப்பு, பருத்திக் காட்டில் வேலை, அப்பாவும் பிடில்காரர். கூடப் பருத்தி எடுத்த கருப்பினத்தவரிடமிருந்து ப்ளூஸ் காதில் ஏறிவிட்டது. பிறகு டர்க்கி என்ற சின்ன ஊரில் முடி வெட்டினார். ஆமாம், கௌபாய் அல்ல, பார்பர். 1929-ல் ஃபோர்ட் வொர்த் போனார். அங்கே ஒரு மாவு மில்லுக்கு விளம்பரமாக ரேடியோவில் வாசித்தார்கள், முதலாளி இடத்தில் இருந்தவர் ஓ'டேனியல். குடித்துவிட்டு நிகழ்ச்சிக்கு வராமல் போனதில் 1933-ல் வில்ஸுக்கு வேலை போயிற்று. போனவரை விடவும் இல்லை ஓ'டேனியல், கேஸ் போட்டார், ஓக்லஹோமா சிட்டி ரேடியோவிலிருந்தும் துரத்தினார். இதே ஓ'டேனியல் பின்னாளில் டெக்சஸ் கவர்னர்! அப்படி 1934-ல் டல்சாவில் ஒதுங்கியவர்தான் இங்கே ராஜா ஆனார். 1935-லிருந்து மத்தியான ரேடியோ நிகழ்ச்சி இந்த ஹாலிலிருந்தே. நாட்டுப்புற பிடிலோடு டிரம்ஸ், டிரம்பெட், சாக்ஸபோன், ஸ்டீல் கிடார் எல்லாம் சேர்த்து 1940-க்குள் 18 பேர் ஆகிவிட்டார்கள். கிராமியப் பாட்டா ஜாஸா என்று கேட்டால் ரெண்டும். வெஸ்டர்ன் ஸ்விங் என்று பெயர் வைத்தார்கள்.

சாப்பாடு சொல்ல மறந்தேனே. சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக், பெயரில்தான் சிக்கன், உள்ளே அடித்துத் தட்டையாக்கிய மாட்டிறைச்சி, மேலே வெள்ளைக் குழம்பு. பக்கத்தில் சோளமாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய்! ஓக்லஹோமா 1988-ல் அறிவித்த மாநில உணவுப் பட்டியலிலேயே இந்த வெண்டைக்காய் இருக்கிறது, காராமணியும் இருக்கிறது. வெண்டைக்காயை மட்டும் இன்னொரு தட்டு வாங்கினேன். இந்தப் பயணத்தில் கணக்குப் பார்க்காமல் செய்த ஒரே செலவு.

மறுநாள் வில்ஸின் கல்லறை. 1973 டிசம்பரில் சக்கர நாற்காலியில் வந்து பழைய ஆட்களோடு கடைசி ஒலிப்பதிவில் உட்கார்ந்தார், அதன் நடுவிலேயே பக்கவாதம் வந்து நினைவு திரும்பாமல் 1975 மே 13-ல் இறந்தார். மெமோரியல் பார்க் இடுகாடு, ஹாலிலிருந்து பத்து மைல் இருக்கும். டாக்சிக்காரர் பேசிய தொகை ஒன்று, இறங்கும்போது கேட்டது வேறு, 'காத்திருந்த நேரம்' என்றார். நான் கல்லறை முன்னால் நின்றது ஏழு நிமிடம். சண்டை போட்டது பதினைந்து நிமிடம். அதற்கும் காசு கேட்டுவிடுவாரோ என்று பயந்து கொடுத்துவிட்டேன்.

செலவு விவரம் வரிசையாகப் போடுவதாக இருந்தேன், ரசீதெல்லாம் பஸ்ஸிலேயே போய்விட்டது. அடுத்து டர்க்கி போக வேண்டும். அங்கே அவருக்கு மியூசியம் இருக்கிறது, ஏப்ரல் கடைசி சனிக்கிழமை பாப் வில்ஸ் நாள் கொண்டாடுவார்கள். இந்த முறை கார்தான். டல்லஸ் பக்கம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள், மூன்று சீட் காலி, பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.